மலையில் விளைந்தது எத்தனை கிராம்?

வணக்கம். ஏற்காடு மலைப்பாதையில் ஒரு பலகை: ‘மலையில் விளைந்தது, மனதில் நிறைந்தது. சுத்தமான தோட்டத்துக் காபி.’ நம்பி 300 ரூபாய்க்கு அரைக் கிலோ தூள் வாங்கினேன். வீட்டில் வந்து பார்த்தால் பாக்கெட்டில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் காபி 53%, சிக்கரி 47%. அப்பட்டமான பொய் இல்லையா இது?
– ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

பொய் என்று ஒரு சொல்லைக் காட்டுவது கஷ்டம். ‘சுத்தமான’ எதற்கு அடைமொழி? காபிக்கு என்று வாசித்தீர்கள். தோட்டத்துக்கு என்று கம்பெனி சொல்லிக்கொள்ளும். இலக்கணம் இரண்டுக்கும் இடம் தருகிறது. காபி மலையில்தான் விளைந்திருக்கும். சிக்கரியோ பெரும்பாலும் குஜராத், உத்தரப் பிரதேசச் சமவெளிகளில் விளையும் கிழங்கு. ‘பாக்கெட்டில் உள்ளதெல்லாம்’ என்ற சொற்களைப் பலகை போடவில்லை, நீங்கள் போட்டுக்கொண்டீர்கள். அரிஸ்டாட்டில் காலத்திலிருந்தே இதற்கு ‘என்தைமீம்’ என்று பெயர்: வாதத்தில் ஒரு படியை விட்டுவிட்டால் கேட்பவரே நிரப்பிக்கொள்வார். தான் நிரப்பியதை யார் சந்தேகப்படுவார்கள்?

மிச்சத்தை ஓசை பார்த்துக்கொள்கிறது. மலை, மனம் என்று மோனை. விளைந்தது, நிறைந்தது என்று இயைபு. பழமொழி கேட்டு வளர்ந்த காதுக்கு இது தீர்ப்பு மாதிரி விழும். ‘இதிலுள்ள காபி ஏற்காட்டில் விளைந்தது, குடித்தால் திருப்தியாக இருக்கும்’ என்று உரைநடையில் சொல்லிப் பாருங்கள். ‘எவ்வளவு காபி?’ என்று உடனே கேட்பீர்கள்.

265 கிராம். மீதி 235 சிக்கரி. கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, விகிதத்தை அச்சிட வேண்டும் என்பது உணவுச் சட்டம், இரண்டையும் செய்திருக்கிறார்கள். லேபிள் விவரம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும். ஆக, கவிதை தமிழில், கணக்கு ஆங்கிலத்தில்.

ஆனால் பலகை வேறு விஷயம். 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட நெறிகளின்படி, விளம்பரத்துக்கான விளக்கக் குறிப்பு விளம்பரத்தின் மொழியிலேயே இருக்க வேண்டும், முக்கியத் தகவலை மறைக்கக்கூடாது. ‘சுத்தமான’ அங்கே மாட்டிக்கொள்ளலாம். பலகை, பாக்கெட்டின் இரு பக்கம், பில் மூன்றையும் படமெடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள்.

இனி வாங்கும்போது கண்ணெதிரே அரைத்துத் தரும் கடைக்குப் போய் விகிதத்தை நீங்களே சொல்லுங்கள். அரைக் கிலோவுக்கு 80:20 என்றால் காபி 400, சிக்கரி 100. இரண்டையும் தனித்தனியாக நிறுக்கச் சொல்லுங்கள். வீட்டிலிருக்கும் தூளை ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் தூவினால் காபி கொஞ்ச நேரம் மிதக்கும், சிக்கரி சில நொடிகளில் பழுப்புக் கோடு இழுத்தபடி அடியில் இறங்கும். சிக்கரி இருக்கிறதா என்பதற்குத்தான் இந்தச் சோதனை, எத்தனை சதவீதம் என்று தண்ணீர் சொல்லாது.