டர்போ கார் ஆயில் குடிக்கிறது: என்ஜினைப் பிரிக்கும் முன் அளந்துவிடுங்கள்

கேள்வி: ஈரோட்டில் விசைத்தறித் தொழில் செய்கிறேன். இருபது மாதங்களுக்கு முன் 14 லட்சம் ரூபாய்க்கு டர்போ பெட்ரோல் கார் ஒன்றை நிறுவனத்தின் பெயரில், குடும்ப உபயோகத்துக்காக வாங்கினேன். ஒன்பதாவது மாதத்திலிருந்து ஆயில் விளக்கு எரிகிறது. 2,000 கி.மீ.க்கு ஒரு லிட்டர் ஊற்றுகிறேன். இதுவரை 31,000 கி.மீ. ஓடியிருக்கிறது. 'டர்போ என்றால் இப்படித்தான்' என்று சொன்ன சர்வீஸ் மைய மேலாளர், பலர் முன்னிலையில் என்னை அவமதித்தார். மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் வண்டி நீலப் புகை கக்கியது. எல்லாவற்றையும் வீடியோவாக வெளியிட்டிருக்கிறேன். பிஸ்டன் ரிங் போய்விட்டது, பிரித்தால் காட்டிவிடலாம் என்கிறார் எங்கள் மெக்கானிக். கம்பெனியோ ஆயில் செப்பரேட்டரையும் டர்போவையும் வாரண்டியில் மாற்றித் தருகிறோம், ஒரு தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறது. எனக்குப் புதிய காரும் பத்து லட்சம் நஷ்ட ஈடும் வேண்டும். என்ஜினைப் பிரித்து ஆதாரம் எடுத்துக்கொண்டு வழக்குத் தொடரலாமா?

பதில்: பிரிக்காதீர்கள். வழக்குத் தொடர்வதா வேண்டாமா என்பது அதற்குப் பிந்திய கேள்வி.

மேலாளர் பேசிய பேச்சும், பெண் பார்க்க வந்தவர்கள் முன் நேர்ந்த சங்கடமும் உங்களை எவ்வளவு வருத்தியிருக்கும் என்பது புரிகிறது. ஆனால் அவற்றால் நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் தரும் மனுவுக்கு வலு எதுவும் கூடாது. வீடியோவில் அந்த மேலாளரின் பெயரும் முகமும் இருந்தால் இன்றே நீக்கிவிடுங்கள். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் அவதூறுப் புகார் ஒன்று எதிர்த்தரப்பின் கையில் இருக்கும் வரை, சமரசப் பேச்சில் நீங்கள் இறங்கியே பேச வேண்டியிருக்கும்.

சட்டப்படி பொருட்படுத்த வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இந்த என்ஜின் 1,000 கி.மீ.க்கு எவ்வளவு ஆயில் எரிக்கிறது என்பதை உங்களைத் தவிர வேறு யாராவது அளந்திருக்கிறார்களா? நீங்கள் அனுப்பிய கையேட்டுப் பக்கத்தில் 1,000 கி.மீ.க்கு 0.5 லிட்டர் வரை ஆயில் குறைவது இயல்பு என்று அச்சிடப்பட்டிருக்கிறது. நீங்களோ 2,000 கி.மீ.க்கு ஒரு லிட்டர் என்று மூன்று மின்னஞ்சல்களில் எழுதியிருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டும் ஒன்றே. நீங்கள் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தையும் அப்படியே ஒப்புக்கொண்டு, "வண்டி எங்கள் வரம்புக்குள்தான் இருக்கிறது" என்று ஒரே வரியில் கம்பெனி பதில் மனுத் தாக்கல் செய்துவிட முடியும். கையேட்டு வரம்பு ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது, வாங்கும் முன் அதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்றெல்லாம் வாதாடலாம், நானும் வாதாடுவேன். ஆனால் அந்த வாதத்தை மட்டும் நம்பி ஒரு வழக்கைத் தொடங்க மாட்டேன்.

உண்மையான அளவு நீங்கள் எழுதியதைவிடக் கூடுதலாக இருக்கவும் வாய்ப்புண்டு. விளக்கு எரிந்ததும் ஒரு டப்பா ஊற்றுவது அளவீடு ஆகாது. நேரடி எரிபொருள் செலுத்தும் டர்போ என்ஜினை ஊருக்குள் குறுந்தூரம் ஓட்டும்போது சிறிதளவு பெட்ரோல் ஆயிலில் கலந்து மட்டத்தை உயர்த்திக் காட்டும். நெடுஞ்சாலையில் என்ஜின் நன்கு சூடேறியதும் அது ஆவியாகி, மட்டம் திடீரென இறங்கும். எனவே அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் ஆயில் நுகர்வுச் சோதனை வேண்டுமென்று எழுத்தில் கேளுங்கள். புதிய ஆயிலை மேல் கோடு வரை நிரப்பி, டிப்ஸ்டிக், ஊற்றும் மூடி, வடிக்கும் திருகு மூன்றுக்கும் முத்திரையிட்டு, ஓடோமீட்டர் எண்ணை ஜாப் கார்டில் குறித்து, 1,000 கி.மீ. ஓட்டியபின் அதே சமதளத்தில் அதே முறையில் மறுபடி அளக்க வேண்டும். அவர்கள் மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள்; அந்த மறுப்பே உங்களுக்கு நல்ல சாட்சி. அதுவரை நோட்டீஸ் எதிலும் 'ஒரு லிட்டர்' என்ற எண்ணை மீண்டும் எழுதாதீர்கள்.

இனி என்ஜினைப் பிரிப்பதைப் பற்றி. இந்த இடத்தில்தான் கட்சிக்காரர்கள் வழக்கைத் தொலைத்துவிட்டு என்னிடம் வருகிறார்கள். மெக்கானிக் சொல்வது சரியாகவே இருக்கலாம். பிஸ்டனைச் சுற்றியுள்ள ஆயில் ரிங் கரி பிடித்து ஒட்டிக்கொள்வது உண்மையிலேயே நிகழ்கிற கோளாறுதான். ஆனால் டர்போ வண்டியில் ஆயில் போவதற்கு வழிகள் பல. என்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸில் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வோ, அந்த வாயுவிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் ஆயில் செப்பரேட்டரோ பழுதாகியிருக்கலாம். டர்போவின் ஆயில் திரும்பும் குழாய் அடைபட்டு, நல்ல டர்போவே சீல் வழியாக ஆயிலைத் தள்ளலாம். நீண்ட நேரம் நின்ற வண்டியைக் கிளப்பியதும் மட்டும் புகை வந்தால் வால்வு சீலைச் சந்தேகிக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் வந்தால் ரிங்கை. இந்த வேறுபாடு சட்டத்திலும் பெரிய வேறுபாடு. பிசிவி வால்வு என்றால் அது ஒரு சிறிய பாகத்தின் பழுது, மாற்றித் தந்தால் தீர்ந்தது. ரிங் என்றால் என்ஜினுக்குள் இருக்கும் குறைபாடு என்று வாதிட இடமுண்டு. டர்போ என்றால், ஆயில் குறைந்த நிலையில் ஓட்டியதால்தான் கெட்டது என்று பழியை உங்கள் மேலேயே திருப்புவார்கள்.

எது காரணம் என்று ஆணையத்துக்குச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி, யாரும் கை வைக்காத அந்த என்ஜின்தான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் 38ஆம் பிரிவு, சோதனையின்றிக் குறைபாட்டைக் கண்டறிய முடியாத பொருளை உரிய ஆய்வகத்துக்கு அனுப்ப வழி செய்கிறது. வாகன வழக்குகளில் பொறியியல் கல்லூரி ஆட்டோமொபைல் துறைப் பேராசிரியர் போன்ற நிபுணரை நியமிக்கும்படி மனுச் செய்கிறோம். அந்த நிபுணர் வந்து பார்க்கும்போது ஹெட் கழற்றப்பட்டு, பிஸ்டன் துடைக்கப்பட்டு, ரிங்குகள் ஒரு பாலிதீன் பையில் கிடந்தால் அவர் எதை எழுதுவார்? "வெளியாள் பிரித்த என்ஜின் என்பதால் காரணத்தை உறுதிப்படுத்த இயலவில்லை" என்றுதான் எழுதுவார், எழுதியிருக்கிறார்கள். வாரண்டி நிபந்தனையும் அன்றோடு உங்களுக்கு எதிராகத் திரும்பிவிடும். பிரிக்காமலே செய்யக்கூடிய கம்ப்ரஷன் சோதனை, கசிவுச் சோதனை, போர்ஸ்கோப் என்னும் நுண்கேமராவை உள்ளே விட்டு எடுக்கும் படம் ஆகியவற்றைக்கூட அங்கீகரிக்கப்பட்ட மையத்திலேயே, உங்கள் முன்னிலையில் செய்யச் சொல்லுங்கள்.

இரண்டாவது ஆபத்து ஜாப் கார்டு. நீங்கள் அனுப்பிய ஐந்து கார்டுகளில் ஒன்றில்கூட ஆயில் குறைகிறது என்ற புகார் இல்லை. வாடிக்கையாளர் சொன்னது என்ற கட்டத்தில் 'ஜெனரல் செக்கப்' என்றும், கீழே 'ஆயில் டாப் அப் செய்யப்பட்டது, வண்டி சரியாக உள்ளது' என்றும் தட்டச்சு செய்யப்பட்டு, அதற்கும் கீழே திருப்தி என்ற சொல்லுக்கு நேராக உங்கள் கையெழுத்து இருக்கிறது. கம்பெனி தாக்கல் செய்யப்போகும் முதல் ஆவணங்கள் இவைதான். அடுத்த முறை புகாரை உங்கள் கையாலேயே எழுதி, அதைப் படம் எடுத்துக்கொண்ட பிறகு கையெழுத்திடுங்கள். நீங்களாக ஊற்றும் ஆயில் கையேடு சொல்லும் தரத்தில் இருக்கட்டும், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். விளக்கு எரிந்த நிலையில் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

புதிய கார் என்ற கோரிக்கையைக் கைவிடும்படி வெளிப்படையாகவே சொல்கிறேன். பழுதான பாகத்தை மாற்றினால் தீரும் குறைக்கு முழு வண்டியையும் மாற்றித்தர உத்தரவிட முடியாது என்று 2006ஆம் ஆண்டு மாருதி உத்யோக் வழக்கில் உச்ச நீதிமன்றம் வாரண்டி வாசகத்தை வைத்தே தீர்ப்பளித்திருக்கிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுத்து நீட்டப்போவது அதைத்தான். நீங்கள் அச்சிட்டு அனுப்பிய அமெரிக்கச் செய்திகளும் உதவாது. ஆடியின் 2.0 லிட்டர் டர்போ என்ஜின் பற்றி அங்கே நடந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. உங்கள் வண்டியில் இருப்பது அந்த என்ஜினும் அல்ல. பத்து லட்சத்துக்குக் கணக்கு எங்கே என்று ஆணையம் கேட்டால் உங்களிடம் இருப்பவை ஆயில் பில்களும் டாக்சி ரசீதுகளும் மட்டுமே.

நிறுவனத்தின் பெயரில் பில் இருப்பதால், வணிக நோக்கில் வாங்கியது, நீங்கள் நுகர்வோரே அல்ல என்று ஆட்சேபம் வரும். இயக்குநரின் சொந்த உபயோகத்துக்காக நிறுவனம் கார் வாங்கியதாலேயே அது வணிக நோக்கம் ஆகிவிடாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதால் இதைச் சமாளிக்கலாம். தறிக்கு நூல் பாவு ஏற்றிச் சென்ற படம் எதுவும் அந்த வீடியோக்களில் இல்லாதிருக்க வேண்டும்.

ஆகவே கம்பெனி முன்வைத்ததை ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டு பாகங்களையும் இலவசமாக மாற்றுவது, ஆண்டுக்கணக்கில் ஆணையப் படியேறிப் பெறக்கூடிய தீர்வின் பெரும்பகுதி. செப்பரேட்டர்தான் காரணம் என்றால் முழுத் தீர்வே அதுதான். ஆனால் அந்தத் தாளை இப்போதிருக்கும் வடிவில் கையெழுத்திடாதீர்கள். "முழுமையான இறுதித் தீர்வாக ஏற்கிறேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வாசகம் இருக்கிறது. நாளை கோளாறு ரிங்கில்தான் என்று தெரிந்தால் வாய் திறக்க முடியாது. அதற்குப் பதிலாக, "என் சட்ட உரிமைகளுக்குப் பாதகமின்றி இந்தப் பழுதுபார்ப்பை ஏற்கிறேன்" என்று எழுதச் சொல்லுங்கள். மாற்றிய பாகங்களின் எண்கள், அவற்றுக்கு ஓராண்டு வாரண்டி, மாற்றியபின் முத்திரையிட்ட சோதனை மீண்டும் ஒருமுறை, அதிலும் வரம்பு மீறினால் பிஸ்டன் ரிங்குகள் உட்பட என்ஜினைத் தங்கள் செலவில் சரிசெய்வதாக உறுதி, இவ்வளவும் அதில் வேண்டும். கடைசி நிபந்தனைக்கு அவர்கள் தயங்குவார்கள். அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

காலக்கெடு: 24 மாத வாரண்டியில் உங்களுக்கு மிஞ்சியிருப்பது நான்கு மாதம். மனுத் தாக்கலுக்கான இரண்டாண்டுக் கெடுவை, கோளாறு முதலில் தெரிந்த ஒன்பதாவது மாதத்திலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். இடையில் அனுப்பும் மின்னஞ்சலோ நோட்டீஸோ அதை ஒரு நாள்கூட நீட்டிக்காது. பழுதுபார்த்த பிறகான சோதனை 22ஆவது மாதத்துக்குள் முடிந்துவிட வேண்டும். அதில் வரம்பு மீறியதாகப் பதிவாகி, அவர்களும் என்ஜினைத் திறக்க மறுத்தால், வாரண்டி முடிவதற்குள் ஈரோடு மாவட்ட ஆணையத்தில் மனுவையும் நிபுணர் நியமன மனுவையும் ஒரே நாளில் தாக்கல் செய்யுங்கள்.