முதல் பேஸ் கிட்டார்: கடையில் கையில் எடுத்துப் பாருங்கள்

போன மாதம் இந்தப் பக்கத்தில், பேஸ் கிட்டார் வாங்குவது பற்றிச் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்று கேட்டிருந்தேன். நிறையக் கடிதங்கள் வந்தன. இருபத்தெட்டு வருஷம் ஆர்கெஸ்ட்ராக்களில் பேஸ் வாசித்துவிட்டு, இப்போது பெரம்பூரில் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்துதான் இந்தப் பதில்கள்.

இளையராஜா பாடல்களில் பேஸைக் கேட்டுக் கேட்டு ஆசை வந்துவிட்டது. மூன்று மாதமாக நண்பனின் பேஸில் பழகுகிறேன். சொந்தமாக வாங்க 25,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். யமஹா, ஐபனெஸ், ஸ்கொயர் மூன்றுக்கும் வீடியோ பார்த்துப் பார்த்துக் குழம்பிவிட்டேன். பி பேஸா, ஜே பேஸா என்றும் தெரியவில்லை. எதை வாங்கலாம் சார்?
— பொறியியல் மாணவர், கோவை

தம்பி, முதலில் பணத்தைப் பிரித்து வையுங்கள். 25,000 முழுவதையும் கிட்டாருக்கே கொடுத்துவிடக் கூடாது. கேபிள், தோளில் மாட்டும் பட்டை, ட்யூனர், நல்ல பை, தந்தியின் உயரத்தையும் நெக்கையும் சரிசெய்து தரும் செட்டப் வேலைக்கு ஒரு முறை கூலி, இதற்கெல்லாம் நாலைந்தாயிரமாவது ஒதுக்குங்கள். செட்டப் செய்யாத 25,000 ரூபாய் பேஸைவிட, செட்டப் செய்த 18,000 ரூபாய் பேஸ் உங்கள் கைக்குச் சுகமாக இருக்கும்.

அப்புறம் பி, ஜே விஷயம். லியோ ஃபெண்டர் 1951-ல் பிரிசிஷன் பேஸை, அதாவது பி பேஸைக் கொண்டுவந்தார். அதுவரை பேஸ் என்றால் பெரும்பாலும் ஆளைவிட உயரமாக நிற்கும் டபுள் பேஸ்தான். அதில் நெக்கின் குறுக்கே பதிக்கும் ஃப்ரெட் கம்பிகள் கிடையாது, சுரத்தைக் காதால் தேடிப் பிடிக்க வேண்டும். ஃபெண்டர் ஃப்ரெட் வைத்தார், விரலை வைத்த இடத்தில் சுரம் துல்லியமாக விழுந்தது. பிரிசிஷன் என்ற பெயர் அதனால் வந்தது. தந்தியின் அதிர்வைப் பிடித்து ஆம்புக்கு அனுப்புவது பிக்கப். பி பேஸின் நடுவில் இரண்டு துண்டாகப் பிரிந்து நிற்கும் பிக்கப் 1957-ல் சேர்ந்தது. 1960-ல் ஜாஸ் பேஸ், அதாவது ஜே பேஸ் வந்தது. அதில் இரண்டு பிக்கப், ஒவ்வொன்றுக்கும் தனி வால்யூம். தந்திகள் உடம்பில் முடியும் இடமான பிரிட்ஜ் பக்கத்து பிக்கப்பைக் கூட்டினால் சத்தம் கொஞ்சம் மூக்கால் பேசும், ஒவ்வொரு சுரமும் தனியாகத் தெரியும். பி பேஸ் தடிமனாக, டிரம்மின் கிக்கோடு ஒட்டிக்கொண்டு நிற்கும்.

சத்தத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் புதிதாகப் பழகுபவருக்கு இடது கை பிடிக்கும் நெக்தான் பெரிய வித்தியாசம். ஜே பேஸின் நெக் தலைப் பக்கம் 38 மில்லிமீட்டர் அகலம், பி பேஸ் வழக்கமாக 41. மூன்று மில்லிமீட்டர் என்று அலட்சியமாக நினைக்காதீர்கள். நீளமான விரல் உள்ள பையன்கள் பி பேஸைப் பிடித்துச் சந்தோஷப்படுவதையும், அதே நெக்கில் இன்னொருவர் மணிக்கட்டை வளைத்துக் கஷ்டப்படுவதையும் என் வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் சொன்ன மூன்று கம்பெனியிலும் பி பிக்கப், ஜே பிக்கப் இரண்டும் சேர்ந்த பிஜே மாடல் உண்டு. யமஹா டிஆர்பிஎக்ஸ்174, ஐபனெஸ் ஜிஎஸ்ஆர்200, ஸ்கொயர் அஃபினிட்டி பிஜே. ஆக, சத்தத்துக்காக இப்போதே பக்கம் பிரித்துச் சண்டை போட வேண்டியதில்லை. ஜிஎஸ்ஆர்200-ல் மட்டும் 9 வோல்ட் பேட்டரி போட வேண்டும், கீழ்ச் சுரங்களைத் தூக்கிக் காட்டும் ஒரு மின்சுற்று உள்ளே இருக்கிறது. பேட்டரி உள்ள எந்த பேஸிலும் கேபிளைச் செருகியே வைத்தால் பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும். வாசித்து முடித்ததும் பிடுங்கிவிடுங்கள்.

இனி கடைக்குப் போங்கள். கோவையில் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்காவிட்டால் ஒரு நாள் ரயிலேறிச் சென்னை வந்தாலும் தப்பில்லை. ஆம்ப்ளிஃபயரில் போடும் முன் வெறுமனே வாசியுங்கள். பட்டையைத் தோளில் மாட்டி எழுந்து நின்று, இரண்டு கையையும் எடுத்துவிடுங்கள். நெக் தரையை நோக்கிச் சாய்கிறதா? சாய்ந்தால் கச்சேரி முழுக்க உங்கள் இடது கை அதைத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும், அந்தப் பேஸ் வேண்டாம். எடை மூன்றரையிலிருந்து நாலரை கிலோ வரை இருக்கும், இருபது நிமிஷமாவது மாட்டியிருந்தால்தான் தோள் உண்மையைச் சொல்லும். பிறகு தடிமனான ஈ தந்தியில் முதல் ஃப்ரெட்டை அழுத்தி ஒரு நிமிஷம் வாசியுங்கள். ஒரு பேஸில் கைக்கு மிகக் கஷ்டமான இடம் அதுதான். அங்கே எந்தப் பேஸ் உங்களைக் குறைவாக வருத்துகிறதோ, அதை எடுங்கள். மூன்றும் சமமாகத் தோன்றினால் யமஹாவை எடுக்கச் சொல்வேன். என் மாணவர்கள் வாங்கிவந்த யமஹாக்களில் நெக்கைத் தடவினால் ஃப்ரெட் ஓரம் கையைக் கீறியதில்லை.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் என்ற கலைஞர் ஒரு 1962 பிரிசிஷன் பேஸில், வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, 1960-களின் அமெரிக்கப் பாப் இசையில் பேஸின் போக்கையே மாற்றினார். தந்தியைக்கூட அறுந்தாலொழிய மாற்ற மாட்டார். ராஜா சார் பாடல்களில் பேஸ் தனியாக ஒரு மெட்டுப் பாடிக்கொண்டு போவதைக் கேட்டு ஆசை வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மெட்டை முதலில் வாயால் பாடிவிட்டு, பிறகு விரலில் தேடுங்கள்.

என் மகளுக்குப் பதின்மூன்று வயது. சர்ச் பாடகர் குழுவில் பேஸ் வாசிக்க ஆசைப்படுகிறாள். அங்கிருக்கும் பேஸைப் பிடித்தால் விரல் எட்டவில்லை, இடது கை வலிக்கிறது என்கிறாள். கிட்டாருக்கே மாறச் சொல்லலாமா?
— ஒரு தாய், நாகர்கோவில்

வேண்டாம் சகோதரி, மாறச் சொல்லாதீர்கள். குழந்தையின் மேல் குறை இல்லை, பேஸின் நீளம்தான் காரணம். வழக்கமான பேஸில் தந்தியின் நீளம் 34 அங்குலம். அதில் முதல் ஃப்ரெட் வரை உள்ள இடத்தின் அகலம் ஏறக்குறைய 48 மில்லிமீட்டர் வரும். சாதாரண எலக்ட்ரிக் கிட்டாரில் அதே இடம் 36 மில்லிமீட்டர்தான். ஷார்ட் ஸ்கேல் என்று 30 அங்குல பேஸ் இருக்கிறது, அதில் 43 மில்லிமீட்டருக்குக் கீழே வந்துவிடும். ஐபனெஸ் மிக்ரோ இன்னும் சின்னது, 28.6 அங்குலம். குழந்தைகளுக்கான பொம்மை என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி கையில் பார்க்கும் வயலின் வடிவ ஹோஃப்னரும் 30 அங்குல பேஸ்தான்.

அது கிடைக்கும் வரை சர்ச் பேஸிலேயே ஒரு வழி இருக்கிறது. ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்று நான்கு விரலையும் விரிக்கச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஐந்தாவது ஃப்ரெட்டுக்குக் கீழே அதை விட்டுவிடச் சொல்லுங்கள். ஆள்காட்டி, நடுவிரல், அப்புறம் மோதிர விரலும் சுண்டுவிரலும் சேர்ந்து ஒன்றாக, மூன்று ஃப்ரெட்டை மட்டும் கணக்கில் வைத்து, தேவைப்படும்போது கையையே நகர்த்தட்டும். டபுள் பேஸ் வாசிப்பவர்கள் காலங்காலமாக இப்படித்தான் வாசிக்கிறார்கள். வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். வலியோடு பழகினால் கை சரியாகும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

உங்கள் ஊரில் கடல் காற்று வேறு. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் தந்தியை மேலும் கீழும் துடைக்கப் பழக்குங்கள். இல்லாவிட்டால் சீக்கிரமே துரு பிடித்து விரலைச் சுரண்டும்.

ஆர்கெஸ்ட்ராவில் பாதிப் பாட்டு இரண்டரைக் கட்டையில் இருக்கிறது. நாலு தந்தியில் கீழே இறங்க முடியவில்லை. எடுத்த எடுப்பிலேயே ஐந்து தந்தி வாங்கிவிடலாமா?
— புதிதாக பேஸ் வாசிக்கத் தொடங்கியவர், திருச்சி

உங்கள் சிக்கல் எனக்கு நன்றாகப் புரிகிறது நண்பரே. நாலு தந்தியில் கடைசி தந்தி ஈ, அதாவது மூன்று கட்டை. பாட்டின் ஆதார சுருதி அதற்கு அரைச் சுரம் கீழே, இரண்டரைக் கட்டைக்குப் போனால், நீங்கள் மேல் ஸ்தாயியில்தான் போய் நிற்க வேண்டும். ஐந்தாவது தந்தி அதற்கும் கீழே ஏழு கட்டை பி வரை இறங்கும்.

ஆனாலும் முதல் வருஷம் நாலிலேயே இருங்கள். பழகாத கையில், வாசிக்காத தந்தி தானாக அதிர்ந்து குழப்பும். அதை அடக்குவதுதான் பேஸில் பாதி வேலை, ஐந்து தந்தியில் அந்த வேலை கூடுகிறது, நெக்கும் அகலம். இன்னொன்று, ஈ தந்தி வினாடிக்கு 41 முறை அதிரும், பி தந்தி 31 முறைதான். வீட்டில் இருக்கும் எட்டு அங்குல ஸ்பீக்கரில் அந்த 31 சரியாக வெளியே வராது. இப்போதைக்கு இரண்டரைக் கட்டைப் பாட்டுக்கு, ஈ-க்கு அடுத்த ஏ தந்தியின் ஆறாவது ஃப்ரெட்டில் நில்லுங்கள். கேட்பவர்கள் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கச்சேரியே முழுநேர வேலையாகிவிட்டால் ஐந்து வாங்குங்கள், நானே கூட வந்து எடுத்துத் தருகிறேன்.

எங்கள் ஊர் ஆர்கெஸ்ட்ரா அண்ணன் தன் பழைய பேஸை 9,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? எதைப் பார்க்க வேண்டும்?
— கடை ஊழியர், மதுரை

நான் முதலில் வாங்கியதும் பழைய பேஸ்தான், 1994-ல். ஒரு கடையில் வாங்கினேன். தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் பென்சிலே நுழையும் போல இருந்தது. பேஸ் என்றால் இப்படித்தான் அழுத்தமாக இருக்கும் என்று விற்றவர் சொன்னார். இரண்டு வருஷம் விரல் தோல் உரிய உரிய வாசித்தேன். என் கையில் பலம் இல்லை, எனக்கு இது வராது என்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். பிறகு ஒரு பெரியவர், கிட்டார் ரிப்பேர் செய்பவர், நெக்கைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஆலன் கீயை எடுத்து, நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதன் உள்ளே இருக்கும் ட்ரஸ் ராடு என்ற கம்பியைத் திருகினார், பிரிட்ஜில் தந்தியை இறக்கினார். அரை மணி நேரம். அன்று வீட்டுக்கு வந்து வாசித்தபோது அழுதுவிட்டேன். யாருக்கும் அந்த இரண்டு வருஷம் வரக் கூடாது என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன்.

அதனால் நெக்கை முதலில் பாருங்கள். நான்கு தந்தியும் சேர்ந்து ஏறக்குறைய 80 கிலோ விசையில் அதை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. ஈ தந்தியை முதல் ஃப்ரெட்டிலும், நெக் உடம்போடு சேரும் இடத்திலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கம் தந்திக்குக் கீழே ஒரு விசிட்டிங் கார்டு போகும் அளவு இடைவெளி இருந்தால் நல்லது. அதைவிட அதிகமாக இருந்தால் ட்ரஸ் ராடு சரிசெய்யும், ஆனால் அந்த ராடு இன்னும் திரும்புகிறதா என்று அண்ணனிடமே கேட்டு, தெரிந்தவரை வைத்துக் கால் சுற்று மட்டும் திருகிப் பார்க்கச் சொல்லுங்கள். இறுகிப் போயிருந்தாலோ, நெக் ஒரு பக்கமாக முறுக்கியிருந்தாலோ 9,000 அல்ல, 900-க்கும் வேண்டாம்.

பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தந்தியின் உயரம் இரண்டிலிருந்து இரண்டரை மில்லிமீட்டர், பள்ளிக்கூட ஸ்கேலே போதும். பிறகு ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக வாசித்துக்கொண்டே போங்கள். மிக மெல்லிய ஜி தந்தியில் ஐந்திலிருந்து ஏழாவது ஃப்ரெட் வரை எங்காவது ஒரு சுரம் சீக்கிரமாகச் செத்துப் போகலாம். பல பேஸ்களில் அது உண்டு, லேசாக இருந்தால் பரவாயில்லை. வால்யூம் திருகும்போது கரகரவென்றால் பயப்பட வேண்டாம், சின்னச் செலவு. தந்தி எவ்வளவு பழசாக இருந்தாலும் அதை வைத்துப் பேஸை மதிப்பிடாதீர்கள், எப்படியும் தடிமன் எண் 45-லிருந்து 105 வரை உள்ள புதிய தந்தி செட் ஒன்று போடத்தான் போகிறீர்கள். அண்ணன் அதே பேஸில் கச்சேரி வாசிப்பதை நீங்கள் நேரில் கேட்டிருந்தால், அது கடை ரசீதைவிடப் பெரிய அத்தாட்சி.

பேஸை அண்ணனின் கிட்டார் ஆம்பில் போடலாமா? ஹோம் தியேட்டரில்?
— பத்தாம் வகுப்பு மாணவி, வேலூர்

சின்னச் சத்தத்தில் வைத்துப் பழகலாம் பாப்பா. கூட்டினால் கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் கிழிந்துபோகலாம், கீழ்ச் சுரங்கள் அதன் கோனை ரொம்ப தூரம் தள்ளும். அண்ணனிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஹோம் தியேட்டரில் நேராகச் செருக வேண்டாம். பேஸுக்கென்றே உள்ள 20, 25 வாட் ஆம்ப் வீட்டுக்குப் போதும், ஹெட்ஃபோன் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். பேஸ் சத்தம் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும், ஹெட்ஃபோன் இருந்தால் பரீட்சை நேரத்திலும் இரவு பத்து மணிக்கு அரை மணி நேரம் வாசிக்கலாம். டிரம்ஸோடு சேர்ந்து வாசிக்கும் நாள் வந்ததும் மறுபடி எழுதுங்கள், 100 வாட் ஆம்ப் பற்றி அப்போது சொல்கிறேன்.