வைப்ஸுக்கு (துடைத்துப் போடும் ஈரத்தாள்) வரி போட்டால் சாக்கடை அடைப்பு குறையுமா? கேள்வி பதில்

கேள்வி: டாய்லெட் பேப்பரும்தானே உள்ளே போகிறது, வைப்ஸ் மட்டும் ஏன் அடைக்கிறது?

பதில்: டாய்லெட் பேப்பரில் இருப்பவை குட்டை இழைகள்; தண்ணீரில் அலசப்பட்டால் பிரிந்துவிடும். வைப்ஸ் ஈரத்திலும் கிழியக் கூடாது என்பதற்காகவே நீள இழைகளைப் பின்னிச் செய்கிறார்கள். பலவற்றில் பாலியஸ்டர் என்ற பிளாஸ்டிக் இழையும் கலந்திருக்கும். குழாய்க்குள் ஏதாவது பிசிறில் ஒன்று மாட்டினால் போதும், பின்னால் வருபவை அதில் சிக்கிக் கயிறாகத் திரிந்துவிடும். அது பம்பில் சுற்றிக்கொண்டால் ஆள் போய்த்தான் அறுத்தெடுக்க வேண்டும். அப்புறம் சமையல் கொழுப்பு அதன்மேல் படிந்து, கால்சியத்தோடு சேர்ந்து இறுகும். 2017-ல் லண்டன் வொயிட்சேப்பலில் அப்படி இறுகிக் கிடந்த கட்டியின் நீளம் 250 மீட்டர், எடை சுமார் 130 டன்.

கேள்வி: வரி போட்டால் ஃப்ளஷ் பண்ணுவதை விட்டுவிடுவார்களா?

பதில்: அதனால் மட்டும் விடமாட்டார்கள். குப்பைத்தொட்டியில் போடுகிறவரும் அதே வரியைத்தானே கட்டுகிறார். ஆனால் வாங்குவது குறையும். அயர்லாந்தில் 2002-ல் பிளாஸ்டிக் பைக்கு 15 சென்ட் வைத்ததும் பயன்பாடு 90 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. வைப்ஸில் அவ்வளவு சரிவு வராது என்றே நினைக்கிறேன். இருந்தாலும் வரி வேண்டும் என்பேன். அடைப்பெடுக்கும் செலவை இன்று வைப்ஸையே தொடாதவரும் கழிவுநீர்க் கட்டணத்தில் சுமக்கிறார், அது அநியாயம்.

கேள்வி: பிளாஸ்டிக் கலக்காத வைப்ஸுக்கு விலக்கு தரலாமே?

பதில்: கூடாது. மரக்கூழிலிருந்து எடுக்கும் விஸ்கோஸ் இழையில் செய்த வைப்ஸும் குழாயில் சட்டென்று பிரியாது. நுண்பிளாஸ்டிக் குறையும், அது நல்லதுதான். அடைப்பு அப்படியே இருக்கும். கழிவுநீர்த் துறை ஏற்கும் சோதனையில் தேறினால் மட்டும் சலுகை தரலாம். ‘ஃப்ளஷ் செய்யலாம்’ என்று பாக்கெட்டில் அச்சடித்தால் போதாது.

கேள்வி: கைக்குழந்தையும் படுத்த படுக்கையான நோயாளியும் இருக்கும் வீடுகள் என்ன செய்யும்?

பதில்: நியாயமான கவலை. அதனால்தான் சிறிய தொகையாக, உற்பத்தியாளரிடமே வாங்கச் சொல்கிறேன். கொஞ்சம் விலையில் ஏறத்தான் செய்யும். ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் கொண்டுவந்த சட்டம், தெருவில் வீசப்படும் வைப்ஸை அகற்றும் செலவையும் விழிப்புணர்வுச் செலவையும் உற்பத்தியாளர்மீது வைக்கிறது. சாக்கடைச் செலவும் அதே வழியில் வரட்டும்.

கேள்வி: வசூலாகும் பணம்?

பதில்: பொதுக் கஜானாவுக்குப் போகக் கூடாது, கழிவுநீர்ப் பராமரிப்புக்கென்றே ஒதுக்க வேண்டும். முதல் செலவாக, பொதுக் கழிப்பறைகளில் ஒவ்வொரு அறைக்குள்ளும் மூடி போட்ட குப்பைத்தொட்டி வையுங்கள், ஆண்கள் பக்கமும் சேர்த்து. கைக்கெட்டும் தூரத்தில் தொட்டி இல்லாதபோது கையில் இருக்கும் வைப்ஸ் கழிப்பறைக் கோப்பைக்குள்தான் விழும்.