மெத்தையில் தட்டாதே

அன்புள்ள அக்கா,

உங்கள் ஜூடோ நாட்களைப் பற்றி நீங்கள் எழுதியதையெல்லாம் தேடித் தேடிப் படித்தேன். நான் மும்பையில், செம்பூரில் இருக்கிறேன், வேலை அந்தேரியில். எட்டு மாதமாக, வேலை முடிந்ததும் பிரேசிலிய ஜியு-ஜிட்சு கற்றுக்கொள்கிறேன். எங்கள் வகுப்பில் ஓயாமல் நடக்கிற விவாதம் ஒன்றுதான்: எந்தப் பிடி சிறந்தது? எனக்குக் கிமுரா. என் நண்பனுக்கு டிரையாங்கிள். உங்களுக்குப் பிடித்த பிடி எது? ஒரே பிடியை வருடக்கணக்கில் பழகுவது நல்லதா, எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லதா? இந்தக் கலை போதிதர்மர் வழியாக நம்மிடமிருந்து போனது என்கிறார்களே, உண்மையா? தமிழில் இதற்குப் பழைய குறிப்பு ஏதும் உண்டா?

இந்த எட்டு மாதத்தில் தோற்றுவிட்டேன் என்று நான் கையால் தட்டியது மிகக் குறைவு. போன வாரம் ஆர்ம்பார் என்ற முழங்கைப் பிடியில் மாட்டியும் தட்டாமல் வெளியே வந்தேன். முழங்கை இன்னும் கொஞ்சம் வீங்கித்தான் இருக்கிறது. பிரேசிலிய ஜியு-ஜிட்சுவின் முன்னோடி ஹீலியோ கிரேசி கை உடைந்தும் தட்டவில்லையே! யூடியூப் பார்த்து ஹீல் ஹுக் என்ற கால் பிடியும் பழகிவிட்டேன். புதிதாகச் சேர்ந்த ஒரு பையனுக்குப் போட்டுப் பார்த்தேன், பிடி உடனே விழுந்தது. அதற்குப் பிறகு அவன் வரவில்லை. இப்போது வருகிறவர்களுக்குப் பொறுமை இல்லை அக்கா.

அன்புடன்,
க.

*

அன்புள்ள க.,

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

போன மாதம் சயானிலிருந்து மாட்டுங்காவுக்கு ரயிலில் போகும்போது, நாங்கள் ஜூடோ பழகிய பள்ளிக்கூடத்தின் பின்சுவர் ஜன்னலில் வந்து மறைந்தது. அன்றிலிருந்து மனசு அங்கேயே கிடக்கிறது. அந்த நேரம் பார்த்து உன் கடிதம் வந்தது.

போதிதர்மரை விட்டுவிடு. 1882இல் டோக்கியோவில் ஜிகோரோ கனோ கோடோகன் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். அங்கே பயின்ற மிட்சுயோ மயேதா 1914இல் பிரேசிலுக்குப் போனார், அவரிடம் ஹீலியோவின் அண்ணன் கார்லோஸ் கிரேசி கற்றுக்கொண்டார். நீ அந்தேரியில் பழகுவது அந்த வழியாக வந்தது. யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்பது இவ்வளவு தெளிவாக இருக்கும்போது அதற்கு மேலே ஒரு கதையைப் போர்த்த வேண்டியதில்லை. ஒரு பிடியா பல பிடியா என்ற கேள்விக்கு உன் ஆசிரியர் பதில் சொல்லட்டும். உன் உடம்பைப் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம் அது.

தமிழில் குறிப்பு உண்டு. புறநானூற்றின் 80ஆம் பாட்டை எடுத்துப் படி. ஆமூர் மல்லனோடு சோழ இளவரசன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி பொருவதைச் சாத்தந்தையார் பாடுகிறார். ஒரு கால் மல்லனின் மார்பில் ஊன்றியிருக்கிறது, இன்னொரு கால் அவன் செய்யப் பார்க்கும் உபாயத்தைத் தடுத்து முதுகுப்புறம் வளைந்திருக்கிறது. மெத்தையில் புரண்டவர்களுக்கு அது எந்த நிலை என்று படிக்கும்போதே உடம்பில் தெரியும். ஆனால் எனக்கு அந்தப் பாட்டில் நெஞ்சைப் பிசைகிற இடம் வேறு. இளவரசனின் தந்தை தித்தனுக்கும் அவனுக்கும் ஒத்துப்போகவில்லை. மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, அந்தத் தித்தன் இதைக் கண்ணால் காண வேண்டும் என்று புலவர் தவிக்கிறார்.

சரி, ஹீலியோ கிரேசிக்கு வருகிறேன். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

1951 அக்டோபரில், ரியோவின் மரக்கானா அரங்கில், ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுராவோடு ஹீலியோ மோதினார். கிமுரா போட்டது உதே-கராமி, கையைப் பின்னால் மடக்கித் தோளைத் திருகுகிற பிடி. கை முறிந்தது. ஹீலியோ தட்டவில்லை. அவர் தரப்பிலிருந்து துண்டை வீசித்தான் ஆட்டத்தை நிறுத்தினார்கள். இதில் உனக்குத் தட்டாதவர் மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கிறார். துண்டை வீசிய கையைப் பார்த்தாயா? அந்தக் கை இல்லாவிட்டால் அன்றைக்கு என்ன ஆகியிருக்கும்? அப்புறம் இன்னொன்று. அந்தப் பிடிக்குக் கிமுரா என்று பெயர் வைத்து இன்றுவரை கூப்பிடுவது தோற்ற தரப்பு. தங்கள் கையை உடைத்தவரின் பெயரையே அந்தப் பிடிக்குச் சூட்டி, அதைத் தங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். நீ உனக்குப் பிடித்தது என்று சொல்கிற பிடியின் பெயரிலேயே தோல்வியை ஒத்துக்கொண்ட பெருந்தன்மை இருக்கிறது. நீயோ எட்டு மாதத்தில் தட்டியது குறைவு என்று எனக்குக் கணக்கு எழுதுகிறாய்.

சின்ன வயதில் தாலீம் என்கிற குஸ்திக் கூடத்தின் வாசலில் நின்று பார்ப்போம், பெண்பிள்ளைகளை உள்ளே விட மாட்டார்கள். செம்மண்ணில் இரண்டு தோளும் பட்டால் ஆட்டம் முடிந்தது. தோற்றவனை யாரும் எதுவும் கேட்பதில்லை, மண் சொல்லிவிடுகிறது. ஜூடோவில் கழுத்துப் பிடியிலோ கைப் பிடியிலோ மாட்டினால் அப்படி இல்லை. தோற்றவன் வாயைத் திறந்து சொல்ல வேண்டும், அல்லது தட்ட வேண்டும். ஜப்பானியர்கள் ‘மைத்தா’ என்பார்கள், தோற்றுவிட்டேன் என்று பொருள். அவன் சொல்கிறவரை எதிராளிக்குத் தெரியாது, சொன்ன மறுகணம் எதிராளி விட்டாக வேண்டும். நாம் ஒருவர் கழுத்தை ஒருவர் நம்பிக் கொடுப்பது இந்த ஒரு ஏற்பாட்டின் மேல்தான். ஒருவன் சொல்ல மறுத்தாலும் போச்சு, இன்னொருவன் கேட்க மறுத்தாலும் போச்சு.

கேட்காமல் போனவள் நான். அதை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

1989, மழைக்காலம். தண்டவாளத்தை ஒட்டிய அந்தப் பள்ளிக்கூடத்தின் பின்கூடத்தில் மாலையில் எங்களுக்கு வகுப்பு. நீ மிதிக்கிற ரப்பர் மெத்தை அங்கே கிடையாது. தேங்காய் நார் அடைத்து, மேலே கான்வாஸ் துணியை இழுத்துக் கட்டியிருப்பார்கள். மழையில் ஈரம் ஏறி நாறும். பெண்கள் ஆறு பேர்தான். எனக்கு ஜோடி தாராவி இட்லிக்காரம்மாவின் மகள். விடிவதற்கு முன்னாலேயே எழுந்து அம்மாவோடு அடுப்படியில் நின்று, பள்ளிக்கூடம் போய், சாயங்காலம் ஜூடோவுக்கு வருவாள். எத்தனை முறை கழுவினாலும் அவள் கையில் புளித்த மாவு வாசம் போகாது. பின்னாலிருந்து பிடி போடும்போது அந்த வாசம் என் முகத்தில் அடிக்கும். அவள் என்னைவிடப் பலசாலி. அன்றைக்கு வரை அவளை நான் தட்ட வைத்ததே இல்லை.

அன்றைக்கு அவள் முதுகுப்பக்கம் ஏறிவிட்டேன். ஹடாகா-ஜிமே, நீங்கள் ரியர் நேக்கட் சோக் என்பீர்கள், பிரேசில்காரர்கள் சிங்கத்தைக் கொல்கிற பிடி என்பார்கள். முழங்கை மடிப்பு தொண்டைக்கு நேராக, மேற்கை ஒரு பக்கம், முன்கை மறுபக்கம். மூச்சுக்குழாயை இது நெரிக்காது, கழுத்தின் இருபுறமும் மூளைக்கு ரத்தம் ஏறுகிற குழாய்களை அடைக்கும். ஒழுங்காக விழுந்தால் பத்து வினாடிக்குள் நினைவு போய்விடும். வலி பெரிதாக இருக்காது. அதனால்தான் பயப்பட வேண்டிய பிடி அது.

ஒழுங்காக விழுந்தது. அதே நேரத்தில் ஃபாஸ்ட் லோக்கல் ஒன்று போயிற்று. ஜன்னல் கம்பி அதிர, கான்வாஸ் அதிர, எத்தனை பெட்டியோ அத்தனையும் தடதடவென்று போயிற்று. அவள் தட்டியிருக்கிறாள். வலது உள்ளங்கையால் மெத்தையில் மூன்று முறை, சர் சொல்லிக்கொடுத்தபடியே. என் முகம் அவள் தலையின் இடதுபக்கம் புதைந்திருந்தது. எனக்குக் கேட்டது ரயில் மட்டும்தான். இல்லை, முழுசாகச் சொல்லிவிடுகிறேன். அந்த மாதிரி நேரத்தில் கேட்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு இல்லை. முதல் தடவையாக ஜெயிக்கப் போகிறேன் என்பது மட்டும்தான் இருந்தது.

ஒரு குறட்டை மாதிரி சத்தம் வந்தது. அவள் கனம் மாறியது. தூங்கிப்போன குழந்தையைத் தூக்கும்போது ஒரு கனம் தெரியுமே, அது. சர் பாய்ந்து வந்து என் கையைப் பிரித்தார். அவளை மல்லாத்திப் போட்டுக் காலைத் தூக்கிப் பிடித்தார். சில வினாடிதான். கண்ணைத் திறந்து, கூரையைப் பார்த்து, “எம்மா, கரண்டு வந்துட்டா?” என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள், பயம் விட்ட சிரிப்பு. அவள் எழுந்து உட்கார்ந்து, கழுத்தைத் தடவிக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்த்தாள். “தட்டுனேம்லா. ஒனக்குக் கேக்கலியா?”

கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அன்று மிச்ச நேரம் முழுவதும் சர் எங்களை வேறு எதுவும் செய்ய விடவில்லை. ஜோடி ஜோடியாக உட்கார வைத்துத் தட்டப் பழக்கினார். தரையில் தட்டாதே, எதிராளியின் உடம்பில் தட்டு. தொடையில், முதுகில், தோளில், கைக்கு எட்டுகிற இடத்தில். இரண்டு கையும் மாட்டியிருந்தால் காலால் தட்டு. காலும் மாட்டியிருந்தால் கத்து. பிடி போட்டவள் தட்டு வருகிறதா என்று தோலால் கேட்க வேண்டும். சந்தேகம் வந்தால் விட்டுவிட்டுப் பிறகு கேள், ‘தட்டினாயா?’ என்று. தட்டவில்லை என்றால் மறுபடி ஆரம்பி, என்ன குறைந்துபோகும்? அரை மணி நேரம் இதையே செய்தோம். எந்த வகுப்பிலும் முதல் நாள் சொல்லித்தர வேண்டிய பாடம் இது, விழுவதைக் கற்றுக்கொடுப்பதற்கும் முன்னால். விதிப்படி மெத்தையில் தட்டினாலும் செல்லும். நடுவர் பக்கத்தில் குனிந்து பார்க்கிற போட்டிக்கு அது சரி. பாட்டு அலறுகிற, எட்டு ஜோடி புரள்கிற உன் ஜிம்மில் மெத்தையில் தட்டினால் யாருக்குக் கேட்கும்? உன் ஆசிரியர் இதைச் சொல்லித்தரவில்லை என்றால் நாளைக்கே போய்க் கேள். வெட்கப்படாமல் கேள்.

அவள் அதற்குப் பிறகு இரண்டு வாரம் வந்தாள். நான் பின்னால் போனாலே தோளைக் காதுவரை ஏற்றிக்கொள்வாள், தாடையை மார்பில் புதைப்பாள். தெரிந்து செய்தது இல்லை, உடம்பு தானாகச் செய்தது. அப்புறம் வரவில்லை. கடையில் வேலை அதிகம் என்று யாரோ சொன்னார்கள். நானும் அதை நம்ப விரும்பினேன். அவள் வீடு எங்கள் வீட்டிலிருந்து நான்கு சந்து தள்ளி. நான் போகவில்லை. ரயில் போனது என் தப்பு இல்லை என்று இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். அந்த நான்கு சந்தைப் பற்றி யாரிடமும் நான் சொன்னதில்லை.

இப்போது உன் கடிதத்தின் கடைசி வரிகளைத் திரும்பப் படி. ‘அவன் வரவில்லை. பொறுமை இல்லை.’

ஹீல் ஹுக் எங்கே பிடிக்கிறது, எங்கே உடைக்கிறது என்று அந்த யூடியூப்காரர் சொன்னாரா? நீ பிடிப்பது குதிகாலை. திருகுவது முழங்காலை. மற்ற மூட்டுப் பிடிகளில் பெரும்பாலும் வலி முன்னால் வந்து எச்சரிக்கும். இதில் வலி வந்து தட்டலாம் என்று நினைப்பதற்குள் உள்ளே இருக்கிற தசைநார் அறுந்துவிடலாம். சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பு, கீ அங்கி போட்டு ஆடும் போட்டிகளில் எந்தப் பட்டைக்காரருக்கும் இதை அனுமதிப்பதில்லை. அங்கி இல்லாத போட்டிகளில் 2021இலிருந்து அனுமதித்தது, அதுவும் பெரியவர்களில் பழுப்புப் பட்டைக்கும் கருப்புப் பட்டைக்கும்தான். ஜூடோ போட்டியில் முழங்கையைத் தவிர வேறு மூட்டில் பிடி போடவே கூடாது. நீ வெள்ளைப் பட்டை, தொடக்க நிலை. அவனுக்கு அது முதல் மாதம். தான் எதில் மாட்டியிருக்கிறோம் என்றே தெரியாத பையன் எப்படித் தட்டுவான்? உடனே விழுந்தது என்று எழுதியிருக்கிறாய். தட்டினான் என்று எழுதவில்லை.

பிடித்த பிடி எது என்று கேட்டாய் இல்லையா? கேசா-கதாமே. யாரையும் தட்ட வைக்கிற பிடி இல்லை அது, பக்கவாட்டில் உட்கார்ந்து கழுத்தையும் கையையும் அணைத்து அமுக்கி வைப்பது. நான் ஆடிய காலத்தில் 30 வினாடி அமுக்கி வைத்தால் வெற்றி, இப்போது 20. எதிராளியின் தலை என் அக்குளோரம் இருக்கும், மூச்சு விடுவது கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த மழைக்காலத்துக்குப் பிறகு போட்டிகளில் நான் வென்றதெல்லாம் பெரும்பாலும் இதில்தான். கழுத்துப் பிடி கைக்கு வந்த இடங்களிலும் இதற்குத்தான் மாறினேன். தோற்றும் போயிருக்கிறேன், அதனால்.

அந்தப் பையனின் எண் உன் ஜிம்மில் இருக்கும், வாங்கு. வாட்ஸப்பில் கேட்காதே, கூப்பிட்டுப் பேசு. முழங்கால் வீங்கியதா, படி இறங்கும்போது நழுவுகிற மாதிரி இருக்கிறதா என்று கேள். ஆமாம் என்றால் நீயே எலும்பு மருத்துவரிடம் கூட்டிப்போ, செலவும் உன்னுடையது. ஒன்றுமில்லை என்று சொன்னாலும் வீட்டுக்குப் போய் ஒரு தடவை பார்த்துவிடு. உன் முழங்கையையும் அதே மருத்துவரிடம் காட்டு. ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிட்டு எனக்கு எழுது, அவன் என்ன சொன்னான் என்று.

அன்புடன்,
அக்கா