பிளைத் ஸ்பார்ட்டன்ஸ் போட்டிப் புத்தகம்: மைதானப் பெயரை வைத்துப் போலி என்று முடிவு செய்யாதீர்கள்

வணக்கம். பிளைத் ஸ்பார்ட்டன்ஸ் - ரெக்ஸம் கால்பந்து ஆட்டத்தின் போட்டிப் புத்தகம் (ஆட்ட நாளில் மைதானத்தில் விற்கும் சிறு புத்தகம்) வாங்கினீர்கள், அதில் நியூகாசில் அணியின் மைதானமான செயின்ட் ஜேம்ஸ் பார்க் என்று இருக்கிறதே, போலியோ என்று கேட்டிருந்தீர்கள். அதற்காகப் பயப்பட வேண்டாம், ஆட்டம் நடந்ததே அங்கேதான்.

பிளைத், வடகிழக்கு இங்கிலாந்தில் நிலக்கரி ஏற்றுமதி செய்த சின்னத் துறைமுக ஊர். 1899இல் தொடங்கிய கிளப். சொந்த மைதானம் கிராஃப்ட் பார்க். 1978இல், இங்கிலாந்தின் சிறிய, பெரிய கிளப்புகள் எல்லாம் மோதும் எஃப்.ஏ. கோப்பையில் ஸ்டோக் சிட்டியை அவர்கள் மண்ணிலேயே 3-2 என்று சாய்த்துவிட்டு ஐந்தாம் சுற்றுக்கு வந்தார்கள். பிளைத்தோ, பெரிய கிளப்புகள் ஆடும் தொழில்முறை லீக்கிலேயே இல்லாத அணி!

ஐந்தாம் சுற்றில் எதிரணி ரெக்ஸம்; அவர்கள் ஊரில் முதல் ஆட்டம். டெர்ரி ஜான்சன் கோலால் பிளைத் 1-0 முன்னிலை, ஆட்டம் முடியும் நேரம். ரெக்ஸம் அடித்த கார்னர் கிக் வீணாகிறது. ஆனால் கார்னர் கொடி கீழே விழுந்து கிடந்ததாம். நடுவர் மறுபடி அடிக்கச் சொல்கிறார். ரெக்ஸமின் டிக்ஸி மெக்நீல் கோல் அடித்து 1-1. எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

சமநிலை என்பதால் மறு ஆட்டம்; அதைச் சொந்த மண்ணில் நடத்துவது பிளைத்தின் முறை. கிராஃப்ட் பார்க் அந்தக் கூட்டத்தைத் தாங்காது, அதனால் நியூகாசிலுக்கு மாற்றினார்கள். வந்தவர்கள் 42,000க்கும் மேல். இடமில்லாமல் திரும்பியவர்கள் தனி. பிளைத் 1-2 என்று தோற்றது.

சரி, உங்கள் புத்தகத்துக்கு வருவோம். தேதி 27 பிப்ரவரி 1978 என்று இருக்க வேண்டும். நடுப்பக்கத்தில் ஸ்டேப்பிளர் பின் அடித்த இடத்தைப் பாருங்கள். இத்தனை வருடத்தில் பெரும்பாலும் கொஞ்சமாவது துரு ஏறியிருக்கும். பளபளவென்று இருந்தால் விற்றவரிடம் பேசுங்கள்.