முதுகுத் தண்ணி ரிப்போர்ட்ல சுகர் நார்மல், அப்புறம் எதுக்கு டிபி மாத்திரை?

கேள்வி: ஏற்காடு நாகலூர் பக்கத்துல இருந்து எழுதுறேன் டாக்டர். அப்பாவுக்கு 61 வயசு, காபி தோட்டத்துல மேஸ்திரி, 12 வருசமா சுகர் இருக்கு. மூணு வாரமா விட்டு விட்டு காய்ச்சல், தலைவலி. நடுவுல ரெண்டு தடவ சேலம் போறப்ப பஸ்ல வாந்தி எடுத்தார், மலைப்பாதை வளைவு ஒத்துக்கலன்னு விட்டுட்டோம். போன வாரம் என்னைப் பாத்து சித்தப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டார், பயந்துபோய் கீழ இறக்கி சேலத்துல ஒரு ஆஸ்பத்திரில சேத்தோம். முதுகுல தண்ணி எடுத்தாங்க. ரிப்போர்ட்ல சுகர் நார்மல், சிபிநாட் (டிபி கிருமியோட மரபணுவத் தேடுற டெஸ்ட்) நெகட்டிவ், கிருமி இல்லன்னு இருக்கு, ஆனா டிபி மாத்திரையும் ஸ்டீராய்டும் ஆரம்பிச்சுட்டாங்க. இது வைரல் தான், நிறுத்துங்கன்னு மாமா சொல்றார். இன்னொரு தடவ தண்ணி எடுக்கணுமாம், இடுப்பு போயிடும்னு அம்மா விட மாட்டேங்கறாங்க. என்ன பண்ண?

பதில்: தம்பி, மாத்திரைய ஒரு வேளை கூட நிறுத்தாதீங்க. இத முதல்ல சொல்லிட்டு தான் மத்தத பேசணும். மருந்து எழுதுறவர் உங்க நரம்பு டாக்டர், நான் சேலத்துல லேப்ல உக்காந்து இந்தத் தண்ணிய மைக்ராஸ்கோப்புல எண்ணுற ஆளு, அதனால ரிப்போர்ட்டுல என்ன இருக்குன்னு என்னால தெளிவா சொல்ல முடியும்.

நீங்க அனுப்பின நாலு போட்டோல மூணு ரிப்போர்ட், நாலாவது நர்ஸ் எழுதுன சார்ட். மாமா அந்த நாலாவத பாத்திருக்க மாட்டார்னு நினைக்கறேன். தண்ணி எடுத்தது சாயங்காலம் ஆறரை மணி, சார்ட்ல ஆறு மணிக்கு விரல்ல குத்திப் பாத்த ரத்த சுகர் 264. முதுகுத் தண்ணில சுகர் 70. ரிப்போர்ட் ஓரத்துல 45ல இருந்து 80 வரை நார்மல்னு அச்சடிச்சிருக்கு, அதனால 70க்குப் பக்கத்துல எந்தக் குறியும் விழல. ஆனா அந்த 45-80ங்கறது ரத்த சுகர் ஒழுங்கா இருக்கறவங்களுக்குப் போட்ட கணக்கு. முதுகுல எடுக்கறதும் மூளையச் சுத்தி இருக்கறதும் ஒரே தண்ணி தான், அதுக்கு சுகர் ரத்தத்துல இருந்து தான் போகுது, சாதாரணமா ரத்தத்துல இருக்கறதுல கிட்டத்தட்ட 60 சதவீதம் அங்க இருக்கும். அப்பாவுக்கு 264னா அங்க 150க்கு மேல இருந்திருக்கணும், இருந்தது 70, அதாவது 27 சதவீதம். சுகர் ஏறிக் கிடக்கறவங்களுக்கு இந்த 60 கொஞ்சம் இறங்கும், ரத்தத்துல ஏறுனது தண்ணிக்குப் போய்ச் சேரவும் நேரம் பிடிக்கும், அதையெல்லாம் விட்டுக்கொடுத்துப் பாத்தாலும் 40க்குக் கீழ போனா நாங்க சந்தேகப்படுவோம், 27ங்கறது ரொம்பவே கம்மி. சாதாரண வைரல் மூளைக்காய்ச்சல்ல பெரும்பாலும் சுகர் இப்படி இறங்காது. டிபி, பாக்டீரியா, பூஞ்சை, சில நேரம் புற்றுநோய் செல், பெரும்பாலும் இதுல தான் இறங்கும்.

இப்ப மத்த நம்பர். செல், அதாவது வெள்ளணு 85, அதுல 80 சதவீதம் லிம்போசைட்ங்கற வகை. நல்லா இருக்கறவங்களுக்கு 5க்கு மேல போகாது. சீழ் பிடிக்கிற பாக்டீரியா மூளைக்காய்ச்சலா இருந்தா செல் பெரும்பாலும் நூத்துக்கணக்குல, ஆயிரக்கணக்குல போகும், அதுவும் நியூட்ரோஃபில்ங்கற இன்னொரு வகை வெள்ளணு தான் ஜாஸ்தி, தண்ணியே கலங்கலா வரும், அது இது இல்ல. புரோட்டீன் 168, நார்மல் 45 வரைக்கும் தான். ஏடிஏங்கற என்சைம் 13, நம்ம ஊர் லேப்கள்ல 10க்கு மேல போனா டிபி பக்கம் சாயுதுன்னு எடுத்துக்கறோம், ஆனா அத மட்டும் வெச்சு யாரும் முடிவு பண்ணக் கூடாது, மத்த பாக்டீரியாலயும் ஏறும். மூணு வாரக் காய்ச்சல், சுகர் நோயாளி, புத்தி மாறாட்டம், லிம்போசைட், புரோட்டீன், அந்த 27 சதவீதம், எல்லாம் ஒரே பக்கம் கை காட்டுறப்ப தான் டாக்டர் மருந்த ஆரம்பிச்சிருக்கார். அவர் செஞ்சது சரி. டிபி மூளைக்காய்ச்சல்ல ஒவ்வொரு நாள் தாமதமும் ஆபத்து, கிருமி கண்ணுல படுற வரைக்கும் காத்திருந்தா ஆள் கை மீறிப் போயிடுவார்.

போட்டோ அனுப்புனப்ப, ரெட் செல் 1,500னு பாத்துட்டு மூளைல ரத்தக் கசிவான்னு கேட்டிருந்தீங்க, ஊசி போறப்ப சின்ன ரத்தக்குழாய் பட்டா அவ்ளோ வரும். அந்த ரத்தத்தோட வந்த வெள்ளணுவக் கழிச்சாலும் 85ல ரெண்டு மூணு தான் குறையும்.

சரி, சிபிநாட் ஏன் நெகட்டிவ்? டிபி மூளைக்காய்ச்சல்ல தண்ணில கிருமி ரொம்ப ரொம்ப கம்மியா தான் மிதக்கும். ரிப்போர்ட்ல சாம்பிள் அளவு 1 மில்லின்னு இருக்கு, அவ்ளோ கொஞ்சத்துல கிருமி மாட்டாம போறது சகஜம். பாசிட்டிவ்னா டிபி உறுதி, நெகட்டிவ்னா டிபி இல்லன்னு அர்த்தம் கிடையாது. அதனால தான் இன்னொரு தடவ கேக்கறாங்க, குறைஞ்சது 6 மில்லியாவது எடுத்தா லேப்ல சுத்தவிட்டு அடில தங்கறத வெச்சு சிபிநாட்டும், கிருமிய வளத்துப் பாக்கற கல்ச்சரும் போடலாம், மாத்திரை ஆரம்பிச்சு சில நாள்ங்கறதால அது வீணாப் போயிடாது. கல்ச்சருக்கு ஆறு வாரம் வரை ஆகலாம், ஆனா எந்த மருந்து கேக்கும்னு அதுல தெரியும்.

இந்த மாதிரி டியூபை அசைக்காம ஸ்டாண்டுல நிறுத்தி வெச்சா சில நேரம் நடுவுல மெல்லிசா ஒரு வலை இறங்கும், சிலந்தி வலை மாதிரி, வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சா தான் தெரியும். புரோட்டீன் ஏறினதால கட்டுற வலை அது, கிருமி அதுல தான் சிக்கிக்கிட்டு இருக்கும், அத எடுத்து ஸ்லைடுல தேச்சா கிடைக்கற வாய்ப்பு கூடும். டியூபை குலுக்கிட்டு வந்தா அது போச்சு.

நேரமும் முக்கியம். தண்ணில இருக்கற செல்லு வெளிய வந்ததும் உடைய ஆரம்பிச்சுடும், ஒரு மணி நேரத்துக்குள்ள எண்ணிடணும். வருசங்களுக்கு முன்னாடி ஒரு இடத்துல இருந்து சட்டைப் பாக்கெட்டுல வெச்சு மூணு மணி நேரம் கழிச்சுக் கொண்டு வந்தாங்க, நான் எண்ணுனப்ப 4 செல், நார்மல்னு எழுதிக் கொடுத்துட்டேன். ஆள் மோசமாகுதுன்னு மறுநாள் திரும்ப எடுத்து அரை மணில கொண்டு வந்தப்ப 140. அந்த ஒரு நாள் போனது இன்னும் மனசுல உறுத்துது. அதுக்கப்புறம் நேரம் எழுதாம டியூப் வந்தா போன் போட்டுக் கேக்காம நான் எண்ணுறதே இல்ல.

அம்மாகிட்ட இப்படிச் சொல்லுங்க. தண்டுவடம் மேல முதல் ரெண்டு இடுப்பு முள்ளெலும்பு கிட்டயே முடிஞ்சுடுது, ஊசி போறது அதுக்குக் கீழ மூணுக்கும் நாலுக்கும் நடுவுல, இல்லன்னா நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல. அங்க நரம்புங்க குதிரைவால் மாதிரி தண்ணில மிதந்துட்டு இருக்கும், ஊசி வந்தா பெரும்பாலும் ஒதுங்கிக்கும். உடம்பு ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லி தண்ணி புதுசா சுரக்குது, 10 மில்லி எடுத்தா அரை மணில ஊறிடும். சிலருக்கு ரெண்டு மூணு நாள் உக்காந்தா தலை வலிக்கும், படுத்தா குறையும், நிறைய தண்ணி குடிக்கட்டும், காபியும் கொடுக்கலாம். தூக்கக் கலக்கம் ஜாஸ்தியானாலோ ஒரு பக்கம் கை கால் வரலன்னாலோ ஊசிக்கு முன்னாடி ஸ்கேன் எடுத்துட்டு தான் போவாங்க, அந்தத் தாமதத்துக்குச் சண்டை போடாதீங்க.

ஸ்டீராய்டு பத்தி மாமா பயந்தா, 2004ல வெளிவந்த வியட்நாம் ஆய்வச் சொல்லுங்க, டிபி மூளைக்காய்ச்சல் வந்த 545 பேர்ல டெக்ஸாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு சேத்துக் கொடுத்தவங்ககிட்ட இறப்பு 41 சதவீதத்துல இருந்து 32க்கு இறங்கிச்சு. ஆனா அப்பாவுக்கு அது ரத்த சுகரை ஏத்தும், டிபி மருந்துல இருக்கற ரிஃபாம்பிசின் சில சுகர் மாத்திரையோட வேகத்தையும் குறைக்கும், அதனால இப்போதைக்கு இன்சுலின் போடுறாங்கன்னா வேண்டாம்னு சொல்லாதீங்க. மூத்திரம் ஆரஞ்சா போகும், அது மருந்து கலர். கண்ணு மஞ்சளானாலோ, சாப்பாட்டையே பாக்க முடியாத அளவுக்குக் குமட்டுனாலோ, பார்வை மங்குனாலோ அன்னிக்கே காட்டணும். மாத்திரை 9ல இருந்து 12 மாசம் போகும், அரசு ஆஸ்பத்திரில டிபி மருந்து இலவசம், பேரைப் பதிவு பண்ணிடுங்க.

அடுத்த தடவ தண்ணி எடுக்கறப்ப நீங்க பக்கத்துல இருந்து ஒரே ஒரு வேலை செய்யுங்க. ஊசி போடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி கையில ரத்தம் எடுத்து சுகர் பாக்கச் சொல்லுங்க, அந்த நம்பரையும் தண்ணி எடுத்த மணியையும் லேப் ஃபாரத்துல பேனாவால எழுத வைங்க.