நினைவிழந்தவரிடம் ஆய்வு: ஒரு கடிதம்

வணக்கம். விபத்தில் நினைவிழந்தவர் மேல் அவர் சம்மதமே இல்லாமல் புது மருந்தைச் சோதிக்க அமெரிக்கச் சட்டம் இடம் தருவதாகப் படித்தேன். நாஜி மருத்துவர்கள் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?
- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கின் தீர்ப்போடு 1947-இல் வந்த நூரம்பெர்க் நெறிகளில் முதலாவதே, தானாக முன்வந்து தரும் சம்மதம் இல்லாமல் மனிதர் மேல் ஆய்வு கூடாது என்பதுதான். ஆனால் வதைமுகாமில் இருந்தவர்கள் நினைவோடு இருந்தார்கள், கேட்டிருந்தால் மறுத்திருக்க முடியும். அவர்களை மறுக்க விடவில்லை. இதயம் நின்று கிடப்பவரிடம் கேட்கவே வழியில்லை. சொந்தக்காரர்களைத் தேடிப் பிடிப்பதற்குள் சிகிச்சைக்கான நேரம் போய்விடும்.

சரி, இவர்களை ஆய்வில் சேர்க்காமலே விட்டுவிடலாமே என்று தோன்றும். தலைக்காயத்தில் நடந்ததைப் பாருங்கள். மூளை வீக்கம் குறையும் என்று நம்பி, தலையில் அடிபட்டவர்களுக்குப் பல பத்தாண்டுகள் ஸ்டீராய்டு கொடுத்துவந்தார்கள். பத்தாயிரம் பேரை வைத்து நடந்த கிராஷ் ஆய்வு 2004-இல் முடிவைச் சொன்னது: ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21 சதவீதம் பேர் இரண்டு வாரத்துக்குள் இறந்திருந்தார்கள், பெறாதவர்களில் 18 சதவீதம். அதற்கு முன் அந்த மருந்து ஏறிய எத்தனையோ பேரும் நினைவில்லாமல் கிடந்தவர்கள்தான். அதற்குச் சிகிச்சை என்று பெயர் இருந்ததால் யாரும் கேள்வி கேட்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய அநீதியாகப் படுகிறது.

அதனால் நீங்கள் குறிப்பிடும் அமெரிக்கச் சட்டத்தை, அதாவது 1996-இல் வந்த விதியை, நான் ஏற்கிறேன். உயிருக்கு ஆபத்து இருக்க வேண்டும், இப்போதுள்ள சிகிச்சை போதாததாகவோ நிரூபிக்கப்படாததாகவோ இருக்க வேண்டும், ஆய்வால் அந்த நோயாளிக்கே நன்மை கிடைக்க வாய்ப்பு வேண்டும், ஆய்வு நடக்கும் பகுதி மக்களிடம் முன்கூட்டியே பேச வேண்டும் என்றெல்லாம் அது கேட்கிறது.

ஆனால் பாலிஹீம் என்ற ரத்த மாற்றுத் திரவத்தின் ஆய்வு இந்த விதியின் கீழ்தான் நடந்தது. அப்போது ஆம்புலன்ஸில் பெரும்பாலும் ரத்தம் இருக்காது, உப்புநீர்தான். அங்கே அதைக் கொடுத்துப் பார்த்ததில் நியாயம் உண்டு. மருத்துவமனைக்கு வந்து, ரத்தம் கைக்கெட்டும் இடத்தில் இருந்த பிறகும் 12 மணி நேரம் வரை அதையே தொடர்ந்தார்கள். கேட்க முடியாத நிமிடங்களுக்காகக் கொடுத்த அனுமதியை அந்த 12 மணி நேரத்துக்கும் நீட்டியதை என்னால் ஏற்கவே முடியாது. வேண்டாம் என்பவர்கள் முன்பே நீலக் கைப்பட்டை போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். நாளை தனக்கு விபத்து நடக்கும் என்று நினைத்து யார் அதைப் போட்டுக்கொள்வார்கள்? 2009-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பாலிஹீமுக்கு அனுமதி மறுத்துவிட்டது.

அப்புறம், பின்னால் தெரிவிப்பது. பிரிட்டனில் இதயம் நின்ற 8,000 பேரிடம், அதை மறுபடி துடிக்கவைக்கக் கொடுக்கும் அட்ரினலின் மருந்தைச் சோதித்த பாராமெடிக்-2 ஆய்வில், பிழைத்தவர்களிடம் பின்னர் சொல்லிச் சம்மதம் கேட்டார்கள். இறந்தவர்களின் வீட்டுக்குத் தேடிப்போய்ச் சொல்லவில்லை. விரும்புகிறவர்கள் விசாரித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டார்கள். துக்கத்தில் இருப்பவர்களை மேலும் நோகடிக்க வேண்டாம் என்ற எண்ணம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அங்கே நான் உங்கள் பக்கம்தான். சில மாதம் கழித்தாவது, என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று அந்தக் குடும்பங்களுக்கு ஒரு கடிதம் போயிருக்க வேண்டும்.